அக்காவின் எடைக்கு ஒரு கார்

அடிலெய்டுக்கு வந்த முதல் மாதம், ஒரு சனிக்கிழமை காலையில், பக்கத்து வீட்டுக் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஓடினேன். விபத்து என்று நினைத்து ஒரு காலைப் பிடித்து இழுத்தும்விட்டேன். கிரீஸ் படிந்த முகத்தோடு வெளியே வந்தவள் டானா. நகரப் பேருந்து ஓட்டுபவள். நம் ஊரில் காருக்கு அடியில் படுப்பது மெக்கானிக்கின் வேலை. இங்கே அது விடுமுறைநாளின் சந்தோஷம் என்று புரிய எனக்கு நாளானது. அவளுடையது எழுபதுகளில் வந்த மசில் கார். நீள மூக்கு, அதற்குள் லாரியையே இழுக்கும் போலிருக்கும் எஞ்சின். வளைவில் சாயக்கூடாது என்பதற்காக அதன் சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனை மாற்றிக் கெட்டியாக்கிக்கொண்டிருந்தாள்.

திருவொற்றியூரில் என் அக்கா கலாவின் கணவர் ஏழுமலை மாமாவிடமும் அப்படியொரு நீள மூக்கு வண்டி உண்டு. அவர் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். மணலிப் பக்கம் பழைய இரும்புக் கடையில் உடைக்கப்படவிருந்ததை வாங்கிவந்து, நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்து ஓடவைத்தார். முன்பு வைத்திருந்தவர் மூட்டை ஏற்றுவதற்காகப் பின்சக்கரங்களுக்கு மேலே கூடுதலாக ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புப் பட்டைகளைச் சேர்த்திருந்தார். அதனால் சின்னக் கல்லில் ஏறினாலும் முதுகில் உதைக்கும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கும் அக்கா, அந்தக் காரைச் சக்களத்தி என்பாள். "ஞாயித்துக்கெயம என்கூட குந்திகினு இருந்தா அவளுக்குக் கோவம் வந்துரும்" என்று மாமாவைக் கிண்டல் செய்வாள்.

போன வருடம் அக்காவுக்கு இருந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. ஆறு வாரம் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதிர்வீச்சு எடுத்துக்கொள்ள வேண்டும். முதல்நாள் ஆட்டோவில் கிளம்பியவள் பாதி வழியில் இறங்கி, எண்ணூர் சாலையோரம் உட்கார்ந்து, இனி வரமாட்டேன் என்று அழுதாளாம். லாரிகள் தோண்டிப்போட்ட சாலை அது. மாமாவின் காரோ ஆட்டோவைவிட மோசம். சிகிச்சையைத் தொடங்க டாக்டர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். தினமும் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள், பணம் அனுப்புகிறேன் என்று மாமாவிடம் போனில் சொன்னேன். அக்கா போனை வாங்கினாள்.

"காசு இன்னாத்துக்குடா? அத்த டிக்கெட்டுக்கு வெச்சிக்கோ. நீ வா."

அப்போது என் நிரந்தர விசா விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. இடையில் வெளியே போனால் திரும்பி நுழைய முடியாமல் போகலாம். பயணத்துக்குத் தனி அனுமதி கேட்கலாம், கிடைக்குமா என்று தெரியாது. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்: நான் கேட்கவே இல்லை. அதற்குப் பதிலாக டானாவின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

குறைந்த செலவில் பழைய காரின் சஸ்பென்ஷனைச் சரிசெய்ய வேண்டும் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. "டிராக்கில் ஓட்டவா?" என்று கேட்டாள். மண்பாதையைச் சொல்கிறாள் என்று எண்ணி ஆமாம் என்றேன். அவள் கேட்டது பந்தயத் தடத்தை. எதையெதைக் கெட்டியாக்க வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினாள். பிறகுதான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அக்கா, எலும்பு, ஆஸ்பத்திரி என்று சொன்னேன். டானா துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"முதலில் இரும்பு மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை மாற்று, அதுதான் மலிவு. அப்புறம் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் வாங்காதே. இருக்கும் பட்டைகளில் குறை" என்றாள். தன் காரிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய ஷாக் அப்சார்பர் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். அவை அவளுக்கு மிருதுவாகப் போய்விட்டவை. மறுநாள் சென்னைக்குக் கிளம்பிய ஒரு நண்பர் தன் பெட்டியில் எடுத்துப்போனார்.

கொருக்குப்பேட்டை லேத் பட்டறை ஒன்றில் மாமா ரப்பரைக் கடைந்து புஷ் செய்துகொண்டார். ஷாக் அப்சார்பரின் முனைகளை அங்கேயே தன் வண்டிக்குப் பொருத்தமாக மாற்றினார். இரும்புப் பட்டைகளில் இரண்டைக் கழற்றினார். வேலை முடிந்த மத்தியானம் வீடியோவில் அழைத்தார். அவருடைய தோழர் ஓட்ட, நூறு கிலோவுக்குக் குறையாத மாமா, பின்சீட்டில் அக்காவைப் போல ஒருக்களித்துக் காலை மடக்கிப் படுத்திருந்தார்.

"டோல்கேட் தாண்டிட்டோம் மச்சான். இப்போ பள்ளம். ம்... இடுப்புல கொஞ்சம் குத்துது. அவளுக்கு இது தாங்காது. இன்னொரு பட்ட எடுத்துர்றேன்."

மூன்று முறை அப்படிப் படுத்துப் பார்த்தார். வாரம் முடிந்து அக்கா அதில் போனாள். அன்று அவளே கூப்பிட்டாள். "வர்ற வழில தூங்கிட்டேன்டா. வலி வந்ததுலேர்ந்து இப்பத்தான் பகல்ல கண்ணு அசந்துச்சு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நீ எப்ப வர்ற?" என்றாள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று மாமாவைப் பார்க்கச் சொல் என்றேன். "சொல்றேன்" என்றாள். மறுபடி அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆறு வாரமும் ஒருநாள் தவறாமல் போய்வந்தாள். அதன்பின் நான்கு மாதம் இருந்தாள். அவளை எடுத்துப்போவதை போனில் பார்த்தேன். அருகில் டானா உட்கார்ந்திருந்தாள். மொழி புரியாவிட்டாலும், என்னைவிட அதிகமாக அழுதாள். விசா மூன்று வாரம் கழித்து வந்தது.

சென்னை விமான நிலையத்துக்கு மாமா அந்தக் காரில் வந்திருந்தார். இளைத்திருந்தார். என் இரண்டு பெட்டிகளையும் டிக்கியில் வைத்தோம். நான் பின்சீட்டில் ஏறியதும் வண்டியின் வால் தரையை நோக்கி அமுங்கிவிட்டது. மாமா இறங்கிச் சுற்றிவந்து பார்த்தார்.

"இது உங்க அக்கா வெயிட்டுக்குப் பண்ணது மச்சான்" என்றார். "அவ எளைக்க எளைக்க இன்னும் பட்டைய எடுத்தேன். அவ கடைசில ஒண்ணுமே இல்ல."

"கழட்டின பட்டைய மறுபடி போடலாமே மாமா?"

"வூட்லதான் கீது. போடத் தோணல."

முன்சீட்டுக்கு மாறினேன். அப்போதும் வேகத்தடைகளில் அடிப்பக்கம் உராய்ந்தது. அதனால் ஒவ்வொன்றுக்கும் நான் இறங்கிக்கொள்வேன். கார் மெல்ல ஏறி இறங்கும். பின்னால் நடந்துபோய் ஏறுவேன். நான் பிறந்த தெருவின் முனையிலும் ஒன்று இருந்தது. அங்கே இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. விமான நிறுவனத்தின் சீட்டு ஒட்டிய பெட்டிகள் வண்டியில் அக்காவின் வீட்டுக்குப் போயின. மாமா கார்க் கதவைத் திறந்துவைத்து வாசலில் காத்திருந்தார். "நீ எப்ப வர்ற?" என்று கேட்டவள் இல்லாத அந்த வாசலைப் பார்த்தபடி நான் தெரு முனையிலேயே நின்றிருந்தேன்.