உருவ வராத பலகைகள்

வேலி போட்டதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் நிலத்தின் எல்லையில், என் மரத்தை அறுத்து, என் கையால் போட்ட வேலி அது. இன்றும் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து ஆட்டிப் பார்க்கலாம். நான் வருந்துவது அதன் உச்சியில் பூசிய சிமெண்டுக்காக மட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் தனுவச்சபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். பாறசாலைப் பக்கம் இருந்த அப்பாவின் நிலம் எனக்கும் தம்பிக்கும் பாகமாகியிருந்தது. தம்பி தன் பாதியை, என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், கடலோரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு விற்றுவிட்டுப் பட்டணம் போய்விட்டான். அவனோடு சண்டை போட முடியாமல் போன கோபம் முழுவதும் வாங்கியவர்கள் மேல் திரும்பியது. கணவர் கடலுக்குப் போகிறவர், வீட்டில் இருப்பது குறைவு. அந்த அம்மாள் மீன் விற்பவர். இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுடைய கோழிகள் என் மஞ்சள் பாத்தியைக் கிளறுகின்றன என்று ஊரில் சொன்னேன். கோழி கிளறியது உண்மைதான். ஆனால் மீன்கூடைக்காரர்கள் என் அப்பாவின் மண்ணில் நடமாடுவது எனக்குப் பொறுக்கவில்லை என்பதே காரணம். படித்தவன் என்பதால் அதைக் கோழியின் தலையில் வைக்கத் தெரிந்தது.

எங்கள் பக்கத்து வேலி என்றால் சீமைக்கொன்றைக் கம்பு நட்டு ஓலை வைத்துக் கட்டுவது. ஒரு வீட்டில் கல்யாணமோ சாவோ வந்தால், இரண்டு வீட்டு முற்றமும் ஒன்றாகும்படி நடுவேலியைப் பிடுங்கிப் பந்தலை நீட்டிப் போடுவார்கள். காரியம் கழிந்ததும் பிடுங்கியவர்களே திரும்ப நட்டுக் கொடுப்பார்கள். இதற்கு அனுமதி கேட்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். இல்லையென்று சொன்னவர்கள் கிடையாது.

நான் நெய்யாற்றின்கரையிலிருந்து காங்கிரீட் தூண்கள் வாங்கினேன். இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை நீளப் பள்ளம் விட்டு வார்த்த தூண்கள். மற்றவர்கள் அதில் சிமெண்டுப் பலகை இறக்குவார்கள். என்னிடம் விழுந்த அயினி மரம் இருந்தது. அதைப் பலகையாக அறுத்து, கரையான் அரிக்காமல் கரி எண்ணெய் பூசி, இரண்டு தூண்களுக்கு இடையே மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சுயரத்துக்கு இறக்கினேன். தூண் சாயாமல் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து நட்டவன் நான்தான். பலகை பள்ளத்தைவிடச் சற்று மெலிது. காற்றடித்தால் தடதடவென்று ஆடியது. ஆப்பு அடித்து இறுக்கினேன்.

அடுத்த வாரமே அந்த அம்மாள் மேல் பலகைகள் இரண்டை உருவி வைத்துவிட்டு, என் முற்றம் வழியாக பஸ்ஸுக்குப் போனார். திரும்பி வந்ததும் ஒழுங்காக மாட்டியும் விட்டார். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. ஒவ்வொரு தூணிலும் பள்ளத்தின் வாயில் கம்பியை வளைத்து வைத்து, சிமெண்டால் அடைத்தேன்.

மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவர் வாசல் வழியாகவே வந்தார்.

“சாரே, ரெண்டு நாளு மதி, அது போதும். பலகைய உருவி ஓரமா வச்சா பந்தல இங்கோட்டு இழுக்கலாம். கழிஞ்சா நானே போட்டுத் தாறேன்.”

“அது உருவ வராது.”

“உருவ வராத வேலி வீட்டுக்கு எதுக்கு சாரே? ஜெயிலுக்கு ஆவும்.”

“சட்டப்படி என் எல்லையாக்கும் அது.”

“எல்லைய யாரு கொண்டுபோறா? சோறு விளம்ப இடம் உண்டோன்னுதானே கேட்டேன்.”

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். என் மனைவி அவரை நிறுத்தி ஏதோ சமாதானம் சொன்னாள். பிறகு என்னிடம் வந்து, “உங்க சட்டத்த ஒரு இலையில வச்சுத் தின்னுங்க” என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் அவள், அங்கேயும் பந்தி நடக்கப்போவதுபோல, எங்கள் முற்றத்தைத் தூத்து, தண்ணீர் தெளித்து, தின்பண்டத்துக்கு ஈ வராமல் இருக்கச் சாம்பிராணிகூடப் போட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பந்தல் என் வேலியோடு நின்றுவிட்டது. மூன்று பந்தி போட வேண்டிய கூட்டத்துக்கு ஒரு பந்திக்குத்தான் இடம் இருந்தது. மிச்சம் பேர் ரோட்டில் காத்து நின்றார்கள். மத்தியானம் கோடைமழை பிடித்தது. ரோட்டில் நின்றவர்களெல்லாம் பந்தலுக்குள் ஓடி வந்தார்கள். நெரிசலில் ஒரு கூட்டமே என் வேலியின்மேல் சாய்ந்தது. பட்டுச்சேலை முழுவதும் கரி எண்ணெய். வேலி அசையவில்லை. இந்தப் பக்கம் நான் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமான, பெரிய, ஆளில்லாத முற்றம்.

அதற்குமேல் உட்கார முடியவில்லை. சுத்தியலும் உளியும் எடுத்து, மழையில் ஸ்டூல் போட்டு ஏறி சிமெண்டைக் கொத்தத் தொடங்கினேன். பெயரவில்லை. நான் செய்த வேலை.

பந்தலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். “எலே, சாரு சுத்தியல எடுத்து எல்லாரையும் பயமுறுத்துதாரு. சாரே, கை வலிக்கும், விடுங்க. சோறு தணுத்துப்போவும்.” சிரிப்பு எழுந்தது. நான் நிறுத்தவில்லை. முதல் பலகையை உருவியபோது கடைசிப் பந்தியும் எழுந்திருந்தது. பெண் மாப்பிள்ளையோடு காரில் ஏறிப் போயிருந்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் நனைந்த சேலையோடு வந்து, நான் திறந்த இடத்தைப் பார்த்தார்.

“கொள்ளாம் சாரே, நல்லாருக்கு,” என்றார். “எளையவளுக்கு ஆவும்.”

அந்த ஓர் அடைப்பை நான் மறுபடி பூசவே இல்லை. சில வருடங்கள் கழித்து இளையவளுக்கு நாள் குறித்தார்கள் என்று மனைவி வழியாகத் தெரிந்தது. யாரும் கேட்காமலே, பத்து நாள் முன்பாக, மிச்சத் தூண்களின் சிமெண்டையும் கொத்தி எடுத்துவிட்டு, பலகைகளை எல்லாம் உருவிச் சுவரோரம் அடுக்கிவைத்தேன். அழைப்புக் கொடுக்க வந்த அம்மாள் வாசலில் நின்று திறந்து கிடந்த எல்லையைப் பார்த்தார்.

“இது எதுக்கு சாரே?” என்றார். குரலில் குத்தல் இல்லை. “நெய்யாற்றின்கரையில மண்டபம் எடுத்தாச்சு. இப்பம் வீட்ல ஆரு வைக்கா? வீட்டோட வந்துரணும்.”

போனோம். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மறுநாள் பலகைகளைத் திரும்ப இறக்கினேன். ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை.