பரிட்சைக்குப் படுத்த தணிகாசலம்

தணிகாசலம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, கல்யாணமாகி மணிமங்கலத்துக்கு வந்த மறுநாள் காலையில். என் வீட்டுக்காரருடைய அக்கா செங்கமலம் அடுத்த வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். "தணிகாசலம், எழுந்திருடா, இஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று அவள் கத்துவதும், "முட்டி நோவுதும்மா" என்று ஒரு பையன் முனகுவதும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவனுக்கு ஒரு நாள் வலது முட்டி வீங்கும், அது வடிந்தால் இடது முட்டி, அப்புறம் மணிக்கட்டு. கூடவே காய்ச்சல். அந்தக் காய்ச்சல் அவன் இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது தெரிய வந்தபோது செங்கமலமும் இல்லை, அவள் புருஷனும் இல்லை.

தணிகாசலம் எந்த வேலையிலும் நின்றவன் இல்லை. ஒரகடத்துப் பக்கம் இருந்த அப்பன் நிலத்தைக் கம்பெனிக்காரன் எடுத்துக்கொண்டான். கிடைத்த பணத்தில் இவன் வீட்டை ஒட்டி வரிசையாக ரூம் கட்டி, தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டான். அதன் பிறகு அவன் பார்த்த உத்தியோகம், மோட்டார் போடுவதும், தொட்டி நிரம்பி வழிந்து பையன்கள் சத்தம் போட்டதும் மோட்டாரை நிறுத்துவதும்தான். மகளை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்தது, வீட்டைப் பார்த்தது எல்லாம் அவன் மனைவி அன்னக்கிளி.

ஊரில் எல்லோரும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குப் போனான். அங்கே உடம்பைச் சோதித்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தவர் எடுக்கவே இல்லையாம். வேலை கிடையாது, முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். இவனும் நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்குப் போனான். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

அங்கேதான் அவனுக்குப் புத்தி கெட்டது. பெரிய டாக்டர் ஒருவர் அவனை உட்காரவைத்து, சுற்றிலும் மாணவர்களை நிறுத்தி, கழுத்து நரம்பு துள்ளுவதைக் காட்டினார். ஒவ்வொரு துடிப்புக்கும் தலை லேசாக ஆடுவதைக் காட்டினார். பிள்ளைகள் வரிசையில் நின்று அவன் நெஞ்சைக் கேட்டார்கள். பிறந்ததிலிருந்து அவன் பேச்சை ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இப்போது கோட்டுப் போட்ட பிள்ளைகள் அவன் நெஞ்சைக் கேட்கக் காத்திருந்தார்கள். வால்வு ஒழுகுகிறது, மாற்றவேண்டும், காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஒன்றும் செலவில்லை என்று டாக்டர் சொன்னதை இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஆபரேஷன் ஆயிட்டா இந்தச் சத்தமெல்லாம் போயிடும்பா" என்று அவர் ஆறுதலாகச் சொன்னாரே, அதை மட்டும் பிடித்துக்கொண்டான். சத்தம் போய்விட்டால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பான். நினைத்தது சரிதான்.

டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரிட்சை உண்டு. நிஜ நோயாளி ஒருவரைக் கட்டிலில் உட்காரவைப்பார்கள். பிள்ளை அவரை விசாரித்து, தொட்டு, தட்டி, கேட்டு, இன்ன நோய் என்று பரிட்சை எடுக்கும் டாக்டரிடம் சொல்லவேண்டும். அந்த நோயாளிக்கு அங்கே பெயர் 'கேஸ்'. தணிகாசலம் கேஸ் ஆனான். வருஷா வருஷம் பரிட்சைக் காலத்தில் வேன் வரும், காலையில் பொங்கல், மதியம் பிரியாணி. அவன் இஸ்திரி போட்ட சட்டையில் முச்சந்தியில் போய் நிற்பான், யாரோ அவனை மந்திரியாக்க அழைத்துப் போவதுபோல.

முதல் வருஷமே டாக்டர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டான். கட்டிலுக்கு வரும் பிள்ளை திருதிருவென்று விழித்தால், மெல்லச் சொல்லிக்கொடுப்பான். சும்மா இல்லை. சட்டைத் துணி, ஸ்வீட் பெட்டி, ஒருமுறை செல்போன்கூட வாங்கினான். வாங்கியதை ஊரெல்லாம் காட்டினான்.

"என்னால எத்தினி டாக்டரு உருவாயிகிறாங்க தெரிமா அத்தை?" என்று என்னிடமே வந்து சொன்னான்.

"உருவாகி எங்கடா போனாங்க?"

"எங்கெங்கயோ. துபாய்ல ஒருத்தன் கீறான்."

"துபாய்க்காரங்க இன்னாடா பாவம் பண்ணாங்க உனக்கு?"

அவனுடைய ரூமில் குடியிருந்த சக்திகுமார், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், நைட் ஷிப்ட் முடித்து வந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, நீங்க பாஸாக்கி விட்ட டாக்டர் பேரெல்லாம் எழுதிக் குடுங்க. காய்ச்சல்னு தவறிப்போய் அங்கன போயிரக்கூடாதுல்லா" என்றான். தணிகாசலத்தின் தலை ஆடியது. அது நோயில் ஆடுவது. பையனோ, ஆமாம் என்கிறார் என்று சிரித்தான்.

ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே, "பரிட்சை முடியட்டும்" என்பான். ஒரு பரிட்சை முடிந்தால் அடுத்தது. அன்னக்கிளி அழுது பார்த்தாள், சோறு போடாமல் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "அத்தை, அது இப்பல்லாம் படுத்துத் தூங்கறதில்ல. செவுத்துல சாஞ்சினுதான் கண்ண மூடுது. படுத்தா இருமல், மூச்சு முட்டுது. கால் வேற வீங்கிகீது. நாளைக்குப் பரிட்சைன்னு வேன்ல ஏறுது. எதுனா ஆயிடுச்சின்னா? நீங்க கூடப் போங்க" என்றாள்.

போனேன். வேனில் என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "நீயும் வந்துட்டியா? உன் கழுத்துக் கட்டி நல்ல கேஸு அத்தை. நான் சொல்லி வுடட்டா?" என்றான். வாயை மூடிக்கொண்டு வாடா என்றேன்.

பெரிய கூடத்தில் திரை கட்டி, கட்டில் கட்டிலாகப் போட்டிருந்தார்கள். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்தபின் லைசன்ஸ் கொடுப்பதற்கென்று, நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் பரிட்சை தனியாக இன்னொன்று வரும் என்று பேச்சாம். "எழுதுற பரிட்சை பத்தாதா? ஒருத்தரு நெஞ்சுல கை வெக்கிறதையெல்லாம் பரிட்சை வெச்சா பாக்கணும்? வேலைக்குப் போனா தானா வந்துடும்" என்றான் ஒருவன். வேலைக்குப் போனால் தானாக வருமாம். யார் நெஞ்சில் கை வைத்து வரும்? உன் அம்மா நெஞ்சிலா, என் நெஞ்சிலா? வண்டி ஓட்டுகிறவனுக்குக்கூட எட்டுப் போட்டுக் காட்டினால்தான் லைசன்ஸ். வேண்டாம் என்று சொன்ன அதே பையன்தான் முதலில் தணிகாசலத்தின் திரைக்குள் வந்தான்.

அவன் குழாயைக் காதில் மாட்டவே இல்லை. "அண்ணே, சொல்லிடுங்கண்ணே" என்றான். தணிகாசலம் பாடம் ஒப்பித்தான். வால்வு பெயர், சின்ன வயசுக் காய்ச்சல், எல்லாம். கடைசியில், "படுத்தா மூச்சு முட்டாது. கால் வீக்கம் கெடையாது. ஹார்ட் ஃபெயிலியர் இல்லன்னு முடி" என்றான்.

நான் அவன் காலைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்து பள்ளமாக இருந்தது. முதல் வருஷம் மனப்பாடம் செய்த பதிலையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். உடம்பு மாறிவிட்டது, பாடம் மாறவில்லை.

பரிட்சை டாக்டர் வந்தார். பையன் ஒப்பித்தான். அவர் போன வருஷமும் இதே கட்டிலில் இதே பதிலைக் கேட்டவர். தணிகாசலத்தின் பக்கம் திரும்பாமலே தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவனும் அப்படியே. அதற்கடுத்தவளும் அப்படியே. கூடம் நிறையக் குழாய்கள் கழுத்தில் தொங்கின. அன்று காலை அதுவரை ஒன்றுகூட அவன் நெஞ்சில் படவில்லை.

பிறகு கவிப்பிரியா என்று ஒரு பெண் வந்தாள். தணிகாசலம் வழக்கம்போல ஆரம்பித்தான். "நீங்க சொல்லவேணாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள்.

"சொன்னா பாஸும்மா. சொல்லாதவங்க கஷ்டப்பட்டுக்கிறாங்க."

"பரவால்லீங்க. படுத்தா மூச்சு முட்டுதா?"

"இல்ல."

அவள் அவன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது. தலையணையை உருவிவிட்டு மெதுவாகப் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் இருமல் பிடித்து, மூச்சுக்குத் தவித்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டாள். என்னிடம் திரும்பி, "வீட்ல எப்படித் தூங்குறார் பாட்டி?" என்றாள். சுவரில் சாய்ந்து என்று சொன்னேன். தணிகாசலம் என்னை முறைத்தான்.

டாக்டர் வந்ததும் அவள், இவருக்கு இருதயம் செயல் இழந்துகொண்டிருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இங்கே உட்காரவேண்டியவர் இல்லை, இன்றைக்கே சேர்க்கவேண்டும் என்றாள். டாக்டர் பதில் சொல்வதற்குள் தணிகாசலம் முந்திக்கொண்டான். "சார், இந்தப் பொண்ணு தப்பா சொல்லுது. எனக்கு மூச்சே முட்டாது. இத்தினி வருசமா வரேன், எனக்குத் தெரியாதா?"

"பேஷன்ட் இல்லங்கறாரேம்மா."

"நீங்களே ஒருதரம் படுக்கவெச்சுப் பாருங்க சார்."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் படுக்கவைத்தார். படுத்தவன் மறுபடி தவித்து எழுந்தான். அதன் பிறகுதான் அவர் தன் குழாயை எடுத்தார். கேட்கக் கேட்க முகம் சுருங்கியது. காலையிலிருந்து 'ஃபெயிலியர் இல்லை' என்று சொன்ன அத்தனை பேருக்கும் மார்க் போட்டுவிட்டாரே, அந்த முகம். "நீ வெளியில வெயிட் பண்ணும்மா" என்று பெண்ணை அனுப்பினார். தணிகாசலத்திடம், "இன்னைக்கே அட்மிட் ஆகணும்" என்றார்.

"மத்தியானம் இன்னொரு பேட்ச் கீதே சார்" என்றான் இவன்.

அட்மிட் ஆகவில்லை. என் இஷ்டத்தில்தான் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினான். வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டினான். "நம்ம பேரக் கெடுத்துட்டா அத்தை. இனிமே என்ன நம்பி எவன் வருவான்?" அவளுக்கு மார்க் கொடுத்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மற்ற எல்லோரும் பாஸ் என்று அவனே விசாரித்துவந்து சொன்னான், தன் பிள்ளைகள் பாஸானதுபோல.

அடுத்த பரிட்சைக்கு வேன் வரவில்லை. முச்சந்தியில் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சக்திகுமார்தான் பைக்கில் தூக்கிவந்தான். கல்லூரியில் இப்போது பொம்மை வாங்கிவிட்டார்களாம். பொம்மையின் நெஞ்சில் குழாய் வைத்தால் எந்த நோயின் சத்தம் வேண்டுமோ அது கேட்குமாம். பொம்மை சட்டைத் துணி கேட்காது, பதில் சொல்லிக்கொடுக்காது, அந்த மட்டும் நல்லது. ஆனால் பொம்மைக்குப் படுத்தால் மூச்சு முட்டாது. முட்டுகிறதா என்று கேட்கும் பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? பரிட்சை வைக்கத்தான் வேண்டும். வைப்பவனும் அங்கே விழித்திருக்கவேண்டும்.

வேன் வராது என்று உறுதியான பிறகு, "ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்றான் தணிகாசலம், பெரிய மனது பண்ணி. அன்னக்கிளி சென்னைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ரெண்டு மூணு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா. இருதயம் பையாட்டம் ஊதிப்போச்சு. இப்ப கத்தி வெச்சா டேபிள்லயே போயிடுவார்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அன்னக்கிளி அழவில்லை. "இத்தினி டாக்டரு கை பட்ட ஒடம்பு" என்று மட்டும் பஸ்ஸில் சொன்னாளாம். கைதான் படவில்லையே.

தணிகாசலம் இப்போது வாலாஜாபாத்தில் மகள் வீட்டு முன்னறையில், சுவரோரமாகப் போட்ட கட்டிலில் உட்கார்ந்தபடி இருக்கிறான்.