வெறும் வயிற்றில் குடித்த பொடி

சந்தேகம் எனக்குத் தொழிலோடு வந்து ஒட்டிக்கொண்டது. கோவில்பட்டியில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தேன். பசுவந்தனைப் பக்கமிருந்து வரும் பொதி மேலே காய்ந்திருக்கும். எடை கூட்ட நடுவில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். முழங்கைவரை கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன்.

எண்பதுகளில் என் கண்ணிமையில் மஞ்சளாகச் சின்னக் கட்டிகள் வந்தன. என் அண்ணனுக்கும் அப்படித்தான் வந்தது. நாற்பது நிறையுமுன்னே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கழுகுமலை பஸ்ஸிலேயே செத்துப்போனான். பயந்துபோய்த் திருநெல்வேலி டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கு இருக்கிறது என்று சொல்லி, மெட்ராஸிலிருந்து ஒரு பொடி வரவழைத்துக் கொடுத்தார்.

"இது ரத்தத்துல சேராது அண்ணாச்சி. குடல்ல இருக்க பித்தநீரைப் பிடிச்சு வெளியே கொண்டுபோயிரும். ஈரல் புதுசா பித்தநீர் செய்யணும்லா? அதுக்கு ரத்தத்துக் கொழுப்பைத்தான் எடுக்கும்."

ரத்தத்தில் சேராத மருந்து ரத்தத்தை எப்படிச் சரிபண்ணும்? அப்போதே எனக்கு உறுத்தியது.

பொடி மணலாக நறநறத்தது, வயிறு கட்டிக்கொண்டது. சில மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் கொழுப்பு இறங்கவேயில்லை. மருந்துக்கடைக்காரன் மாவைக் கலந்துவிட்டானோ? டாக்டருக்கும் அதில் பங்கு உண்டோ? கடைசியில், விடியற்காலையில் மனைவி கரைத்துத் தந்த தம்ளரையே விளக்கில் காட்டிப் பார்த்தேன்.

"என்னத்தப் பாக்குதீங்க? விஷமா கலக்குதேன்?" என்று கேட்டவள் அழுதுவிட்டாள்.

மிச்சப் பொடியைக் கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எப்பக் குடிக்கீங்க?"

"விடியக்காலம், வெறும் வயித்துல. பத்து மணிவரை பச்சத்தண்ணி படாது. மருந்துன்னா அப்படித்தான?"

எங்கள் பக்கம் கஷாயமோ சூரணமோ, அப்படிக் குடித்தால்தான் பிடிக்கும் என்பார்கள்.

டாக்டர் சிரித்தார். "சாப்பிடும்போதுதான் பித்தநீர் குடலுக்கு வரும். திருடன் வராத நேரமாப் பாத்துக் காவல் காத்திருக்கீங்க. சோத்தோட குடிங்க."

அப்படியே குடித்தேன். அடுத்த முறை கொழுப்பு இறங்கியிருந்தது. எனக்கு உயிர் வந்தது. கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "இது குடும்ப ரத்தத்துல வாரது. பிள்ளைக்கும் ரத்தம் எடுத்துப் பாத்திருங்க."

எனக்கு ஒரே மகள். வீட்டுக்கு வந்ததும் அவளை வெயிலில் நிறுத்தி இமையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மறுநாளும் பார்த்தேன்.

"நேத்துத்தானப்பா பாத்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, போ."

மேலே காய்ந்திருக்கும் பொதியை எனக்குத் தெரியும். இவளுக்குள் கையைவிட்டுப் பார்க்கத்தான் துணிச்சல் வரவில்லை.