பொட்டு அழியாத மெஷின்

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். தொழிற்சாலைகளோடு கல்லூரியை இணைத்துவைக்கும் பொறுப்பும் என் தலையில்தான். பெண்ணுக்கு வரன் தேடி அலைந்தவர்களுக்கு இந்த வேலையை நான் விளக்கவே வேண்டாம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் ஏறாத படி கிடையாது. பாதிப் பேர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மீதிப் பேர் அதுவும் கொடுக்க மாட்டார்கள்.

போன வருடம் ஒருவர் மட்டும் "வந்து பாக்கறேன் மேடம்" என்றார். மண்ணூர்பேட்டையில் பட்டறை வைத்து, கார் பாகங்கள் கடைந்து கொடுப்பவர். அவர் சம்மதித்தால்தான் எங்கள் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கு இடம். இல்லையென்றால் டிப்ளமோவைச் சுருட்டி வைத்துவிட்டு பைக்கில் சாப்பாட்டு டெலிவரிக்குப் போவார்கள். போனவர்களை எனக்குத் தெரியும். என் வீட்டுக்கே வந்து பொட்டலம் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் வரும் நாளுக்கு எங்கள் ஒர்க்‌ஷாப் கல்யாண வீடாகிவிட்டது. எங்கள் பெருமையே கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின்தான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்தால் துறைத்தலைவர் அதன் போர்வையை எடுப்பார். மற்ற நாட்களில் "ரிப்பேரானா யாரு பதில் சொல்றது?" என்று அறையைப் பூட்டி சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். ஆயாம்மா அதைப் பளபளவென்று துடைத்தார். மெஷின் கதவின் கைப்பிடி ஓரத்தில் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனக் குங்குமப் பொட்டை மட்டும் தொடாமல் சுற்றித் துடைத்தார். பொட்டை அழிக்க யாருக்கு மனசு வரும்?

வந்தவர் நேராக அங்கேதான் குனிந்தார்.

"இன்னா மேடம், பொட்டு அப்டியே கீது?"

"பூஜைக்கு வெச்சது சார்," என்றேன் பெருமையாக.

"அது தெரியுது. பூஜை போட்டு எவ்ளோ மாசம் ஆவுது? ஓட்ற மெஷினா இருந்தா கை பட்டே அயிஞ்சிடும். இத்த பசங்க தொட்டாங்களா இல்லியா?"

துறைத்தலைவர் மின்விசிறியை ஆராய்ந்தார். வந்தவர் பாதாம்பாலைக் குடித்துவிட்டு, பிடி கொடுக்காமல் கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாளே மண்ணூர்பேட்டைக்கு வண்டியை விட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பட்டறையில் பழைய லேத்துகள் இரைந்துகொண்டிருந்தன. மூலையில் எங்களுடையதைப் போலவே ஒரு சிஎன்சி மெஷின், பிளாஸ்டிக் உறைக்குள். உறையை விலக்கிப் பார்த்தேன். கைப்பிடி ஓரத்தில் பொட்டு முழுசாக இருந்தது.

"சார், இது எந்த வருஷத்துப் பொட்டு?"

தலையைச் சொறிந்தார். "ஓட்டத் தெரிஞ்ச ஆளு ஒரகடத்துல கார் கம்பெனி வேலைக்குப் பூட்டான் மேடம். தெரியாதவன் கைய வெச்சி ஒட்ச்சிட்டா யாரு பாக்கறது?"

"எங்க தலைவரும் இதையேதான் சார் சொல்றாரு."

பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் பேச்சு சுலபமாக முடிந்தது. பிள்ளைகள் பாதி வாரம் அவர் பட்டறையில். அவருடைய சின்ன வேலைகள் எங்கள் மெஷினில். அங்கே போய் சிஎன்சி சொல்லித்தருவது துறைத்தலைவர் பொறுப்பு. அவர் போட்ட ஒரே நிபந்தனை, மெஷின் அறைச் சாவி பிள்ளைகளிடம் இருக்க வேண்டும். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் முகத்தோடு தலைவர் சாவியைக் கொடுத்தார். பாவம், அன்று அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

இந்த வருட ஆயுதபூஜை முடிந்து கல்லூரி திறந்த வாரம் ஆயாம்மா என்னிடம் புகாரோடு வந்தார். "ஆசையா வெச்ச பொட்டு மேடம். ரெண்டு நாளு நிக்கல."

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆவடியிலிருந்து வரும் இறுதியாண்டு மாணவி ஒருத்தி மெஷின் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையில் எண்ணெயும் மிச்சமிருந்த குங்குமமும் குழைந்திருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கிருந்தே மண்ணூர்பேட்டைக்குப் போன் போட்டேன்.

"சார், பொட்டு அழிஞ்சிடுச்சு."

பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"இங்கியும்தான் மேடம்," என்றார்.