ஈயக்கட்டிக்குள் இருந்த வெள்ளி

என் மேசையில் பில்களின் மேல் ஒரு கறுத்த கட்டி பல வருடங்களாகக் கிடந்தது. உள்ளங்கை அகலம்தான், தூக்கினால் கை இறங்கும். கெலிஓயாவில் நான் கூலிக்குத் துருத்தி ஊதிய வெள்ளிப் பட்டறை வளவை, மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட நானே பிறகு வாங்கி மூன்று மாடி எழுப்பினேன். அத்திவாரம் வெட்டியபோது இப்படிக் கட்டிகள் குவியலாக வந்தன. வெடிப்பு விழுந்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன், எங்கிருந்து எழும்பி வந்தவன் என்று வருகிறவர்களுக்குக் காட்ட.

போன வருடம் யுனிவர்சிட்டி கெம்பஸிலிருந்து ஒரு மிஸ் வந்தார். பழங்காலத்தில் ஈயமும் வெள்ளியும் உருக்கிய விதத்தைக் கழிவுகளை வைத்து ஆராய்கிறவர். ஒப்பிட்டுப் பார்க்க, மேசையில் இருந்ததையும் சேர்த்து எங்கள் கட்டிகளைக் கேட்டார். "கொண்டு போங்க மிஸ். அதுல என்ன இருக்குன்னு மெசின் இல்லாமலே நான் சொல்லுவேன்" என்றேன்.

அந்தப் பட்டறையின் உலைக்காரர் என் மச்சான், அக்காவின் கணவர். பழைய கொலுசுகளை ஈயத்தோடு உருக்கி, மாட்டெலும்புச் சாம்பல் அடித்து இறுக்கிய குழியில் ஊதுவோம். செம்பு போன்ற கலப்படத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு ஈயம் சாம்பலுக்குள் இறங்கி இப்படிக் கட்டியாகிவிடும்; வெள்ளி மட்டும் மேலே நிற்கும். ஒரு வருடம் முதலாளி மாமிசத்தை விட்டுச் சைவத்துக்கு மாறினார். "சாமி படம் இருக்கிற எடத்துல மாட்டெலும்பா? உமிச்சாம்பலும் களிமண்ணும் போதும்" என்றார். "குழி வெடிச்சுரும் மொதலாளி, வெள்ளியக் குடிச்சுரும்" என்று மச்சான் தலைபாடாய் அடித்துக்கொண்டார். கேட்டால்தானே! வெள்ளி குறைந்தது. முதலாளி கற்பூரம் ஏற்றி, வெள்ளியை எடுக்கவில்லை என்று மச்சானைச் சத்தியம் பண்ணச் சொன்னார். மச்சான் சத்தியம் பண்ண மறுத்தார். "சாம்பலத் தோண்டிப் பாருங்க. என் கையை ஏன் பாக்குறீங்க?" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடா" என்றார். குழி வெடித்ததைக் கண்ணால் கண்டவன் நான். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

மச்சானை விரட்டிவிட்டார்; மறுநாள் உலை என் கைக்கு வந்தது. எலும்புச் சாம்பலைச் சுண்ணாம்பு என்று சொல்லி அடித்தேன். வெள்ளி ஒழுங்காக வந்தது. "பாத்தியா, கள்ளன் போனான், வெள்ளி வந்துச்சு" என்று ஊரெல்லாம் சொன்னார் முதலாளி. மச்சான் மடுல்கெல்லத் தோட்டத்துக்குத் திரும்பி, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டி, அந்தப் பெயரோடே செத்தார். கோயில் மண்டபத்தில் முதலாளியின் படத்துக்கு இன்றும் மாலை போடுகிறார்கள், தர்மவான் என்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும்போல் கை துடிக்கிறது.

சோதித்து முடித்ததும் மிஸ் கம்பியூட்டரில் படம் காட்டினார். மற்றக் கட்டிகளில் எலும்புச் சாம்பல். வெள்ளி இல்லை என்றே சொல்லலாம். என் மேசைக் கட்டியில் மட்டும் உமிச்சாம்பல், களிமண், வெடிப்பு நெடுக மணிமணியாக வெள்ளி. செத்த ஈயத்தைச் சீவி, கண்ணாடி பிடித்து, இவ்வளவு பொறுமையாக விசாரிக்கிறார்கள். உயிரோடு நின்ற மனிதனை விசாரிக்க அன்று ஒரு நாதி இல்லை.

கட்டியையும் படத்தையும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். "மச்சான் எடுக்கலக்கா, இந்தா அத்தாட்சி" என்றேன். அக்கா கட்டியைத் தொடவே இல்லை.

"இந்தக் கல்லுக்குத் தெரிஞ்சது ஒனக்கு அன்னைக்கே தெரியும்தானேடா?" என்றாள்.

திருப்பிக் கொண்டுவந்தேன். கட்டி இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது. பில்களை வேறெதையாவது வைத்து அழுத்துகிறேன். இது என்ன என்று யாராவது கேட்டால், எழும்பி வந்த கதையை இப்போது சொல்வதில்லை.