காணாமல் போன முதல் அங்குலம்

எங்கள் வீட்டு டேப்பின் முதல் அங்குலம் எப்போது போயிற்று? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் மகனுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன் ஒருநாள், தையல் டேப்பை வைத்து அவனைப் பாயில் கிடத்தி அளந்தேன். இருபத்தெட்டு அங்குலம். சுவரில் கோடு போட்டு வைக்க நினைத்தேன். மதினி, கணவரின் அக்கா, விடவில்லை.

“ஏத்தா, பாடை கட்டத்தேன் ஆளை அளப்பாக. பச்சப்பிள்ளையப் போயி அளக்குறியே, இதுக்குத்தேன் படிச்சியாக்கும்?”

கோட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

காய்ச்சல் அவனை உருக்கிவிட்டது. தேறி இரண்டு மாதம் கழித்து, மதினி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து மறுபடி அளந்தேன். இருபத்தொன்பது! அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே திருப்புல்லாணியில் பஸ் ஏறி இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸம்மா அவனைப் பலகையில் கிடத்தி, “எழுபத்தொன்னு” என்றார். புதிதாக வந்த சென்டிமீட்டர் கணக்கு. திரும்பும்போது பஸ்ஸில் மனக்கணக்குப் போட்டேன். ஓர் அங்குலத்துக்கு இரண்டரைக்குச் சற்று மேல். இருபத்தொன்பது அங்குலமென்றால் எழுபத்து மூன்றரையைத் தாண்ட வேண்டும். எழுபத்தொன்று என்றால் இருபத்தெட்டுதான். காய்ச்சலுக்கு முன்பு இருந்த அதே உயரம். நர்ஸம்மா காலை நீட்டிப் பிடிக்கவில்லையோ? அந்தப் பலகைதான் தப்போ? என் பெருக்கல் தப்போ?

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்துப் பார்த்தேன். நுனியில் பித்தளைத் தகட்டைக் காணோம். ஒன்றாவது அங்குலக் கோட்டில்தான் துணியே தொடங்கியது. எதை அளந்தாலும் ஓர் அங்குலம் கூட்டித்தான் காட்டும்.

“மதினி, டேப்பு நுனி எங்க?”

“என்னையக் கேட்டா? ஒம் மகன்தேன் எந்நேரமும் சப்பிக்கிட்டுக் கெடந்தான். பித்தளையும் செரிச்சிருச்சோ என்னமோ!”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குழந்தை சப்பியிருந்தால் துணி நைந்திருக்கும். இது கத்தரி போட்டது போல நேராக இருந்தது.

கண்ணேறுக்குப் பயந்து, பிள்ளையின் சரியான அளவு யாருக்கும் தெரியக் கூடாதென்று, நான் முதலில் அளப்பதற்கு முன்பே வெட்டினாரென்றால், அன்றைய இருபத்தெட்டு உண்மையில் இருபத்தேழு, பிள்ளை வளர்ந்திருக்கிறான். காய்ச்சலுக்குப் பிறகு நான் அழுதது பொறுக்காமல், எப்படியும் மறுபடி அளப்பேனென்று தெரிந்து, என்னைத் தேற்றுவதற்காக வெட்டினாரென்றால், அவன் வளரவே இல்லை. அவர் என்மேல் இரக்கப்பட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். மதினியிடம் நேராகக் கேட்டுவிடலாமா? கேட்டால், என் மனம் குளிரச் சொல்கிறாரா, உள்ளதைச் சொல்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?