பட்டாளம் கலைந்த வருடம்

ரோமப் பேரரசு விழுந்த பிறகு ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நான் திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வருடத்தில்தான் அண்ணனின் பட்டாளம் இல்லாமல் போயிற்று. திருவிதாங்கூர் மகாராஜாவின் பட்டாளம் அது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் அதைக் கலைத்து, உடல் தகுதி உள்ளவர்களை மட்டும் இந்திய ராணுவத்தில் எடுத்துக்கொண்டார்கள். பீரங்கிப் பயிற்சியில் அண்ணனுக்கு இடது காது போயிருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆரியசாலையில் மாமாவின் மிளகு மண்டிக்குப் பின்னால் எங்கள் வீடு. அம்மை, அண்ணன், நான். மாமா அவனை மண்டியில் வைத்துக்கொண்டார். தமிழும் மலையாளமுமாக வியாபாரிகள் போடும் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் பிடிபடாது. யாரோ ‘செவிடன்’ என்றது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. அன்றோடு மண்டிக்குப் போவதை நிறுத்திக்கொண்டான்.

சாயங்காலம் நான் வந்ததும் பாடம் கேட்பான். வலது பக்கம் உட்கார்ந்து உரக்கச் சொல்வேன். கல் பாவிய சாலைகளில் புல் முளைத்தது, குளியல் மாளிகைகளின் கல்லைப் பெயர்த்து ஜனங்கள் தொழுவம் கட்டியது, எல்லாம். ஒருநாள், எல்லையில் நதியோரம் காவல் நின்ற சிப்பாய்களைப் பற்றிச் சொன்னேன். தலைநகரத்திலிருந்து ஆள் வருவது நின்றதும் அந்தப் படைகள் தாமாகவே கரைந்துபோயின.

“பின்ன அவனுவ என்ன செய்தானுவ?”

“கொஞ்சம் பேரு அங்கயே உழுது பொழச்சாவளாம். மத்தவங்களப் பத்தி புஸ்தகத்துல இல்ல அண்ணே.”

“போவச் சொல்லி யாரும் சொல்லலியா?”

“சொல்ல ஆளு ஏது? ராஜ்யமே போச்சே.”

“எங்களயாவது வரிசையா நிறுத்திச் சொன்னானுவ” என்றான்.

அந்த மாதமே பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் காவல்காரனாகப் போனான். அம்மை அழுது தடுத்தாள். “அங்க காது கேட்டு ஆகவேண்டியது ஒண்ணும் இல்லம்மா” என்றான்.

அடுத்த வைகாசியில், இடவப்பாதி மழை பிடித்தபோது அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தகவல் கிடைத்து, மாமாவும் நானும் மலையேறுவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மழையில பஸ் நின்னுபோச்சும்மா. கட்டில்ல வச்சு ஆஸ்பத்திரிக்கு நாங்களே தூக்கிட்டு எறங்கினோம். வளைவுக்கு வளைவு நின்னு கூப்பிட்டுப் பாத்தோம். எந்தக் காது கேக்கும்னு எங்களுக்குத் தெரியாதே.”

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மை முதலில் கேட்டது இதுதான்.

“மழையில நனைஞ்சானா மக்கா?”

“இல்லம்மா. லயத்துப் பொம்பள ஒருத்தி அவ கம்பளிய எடுத்து மூடியிருக்கா. அதோடயே அடக்கம் பண்ணிட்டாங்க.”

“பின்ன அவ இந்தக் குளுருல எதப் போத்துவா?”

மறுநாள் அம்மை தானே சாலைக் கடைத்தெருவுக்குப் போய், கனமான கம்பளி ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்து வாங்கி, மாமாவிடம் கொடுத்து மலைக்கு அனுப்பினாள்.